அசரியாவின் தோல்விப் பேச்சு

கிறிஸ்தவ சபையின் கமிட்டித் தேர்தல் வந்தாலே அசரியாவுக்குக் கால் தரையில் பாவாது. நிற்பார், தோற்பார், பிறகு முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். அதுவும் லேசுப்பட்ட தூக்கல் இல்லை. ஒருமுறை தோற்றதும், கிழக்குத் தாம்பரத்தில் வாசலிலேயே கோயிலை வைத்துக்கொண்டு, மின்சார ரயிலேறிப் பல்லாவரத்துக் கோயிலுக்குப் போய் ஆராதித்தார். அடுத்த தோல்விக்கு, தனக்கு ஓட்டுப் போடவில்லை என்று பக்கத்து வீட்டு ராஜகோபாலோடு பேச்சை நிறுத்தினார். ராஜகோபாலோ சனிக்கிழமை தவறாமல் பெருமாளைச் சேவிக்கத் திருநீர்மலை ஏறுகிறவர். அவருக்குச் சபையில் ஏது ஓட்டு?

இந்தத் தடவை மனைவி ஜெயசீலி டீச்சர் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். "தோத்துட்டு இன்னொரு கோயில் தேடினீங்கன்னா நான் கூட வரமாட்டேங்க. நான் இங்க, நீங்க அங்க."

புருஷன் ஒரு கோயில், பெண்டாட்டி ஒரு கோயில் என்றால் தாம்பரமே சிரிக்கும். அதைவிட, அவள் இல்லாமல் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுக்கக்கூட அவருக்குத் தெரியாது. அசரியா பயந்துபோனார்.

வேதத்தைத் திறந்தார். எந்த நிலையிலும் மனரம்மியமாக, அதாவது மனநிறைவோடு, இருக்க அப்போஸ்தலர் பவுல் கற்றுக்கொண்டாராம், அதுவும் சிறைக்காவலில் இருந்துகொண்டு. கற்றுக்கொள்ளும் சமாசாரம் என்றால் அசரியாவுக்குப் புதிதா என்ன? டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த மனிதர். அன்றைக்கே பயிற்சியை ஆரம்பித்தார்.

காபியில் சர்க்கரையை நிறுத்தினார். ரயிலில் இடம் கிடைத்தாலும் கிண்டிவரை நின்றே போய், காலை மிதித்தவருக்கு நன்றி சொன்னார். கரண்ட் போனால் வியர்த்து வழியக் கீர்த்தனை பாடினார். ஜெயசீலி ஒருநாள் சாம்பாரில் உப்புப் போட மறந்தாள். பிரமாதம் என்றார். மறுநாள் அவள் வேண்டுமென்றே மறந்து பார்த்தாள். அதற்கும் பிரமாதம்தான்.

கண்ணாடி முன் நின்று தோல்விப் பேச்சு ஒன்றையும் மனப்பாடம் செய்தார். போட்டியாளர் தயாளனுக்குக் கொடுக்க மைசூர்பாகும் வாங்கி வைத்தார். தோற்க இவ்வளவு தயாராக இருந்த மனிதனை நான் கண்டதில்லை.

வினை அங்கேதான் வந்தது. அசரியா மாறிவிட்டார், குழந்தைமாதிரி ஆகிவிட்டார் என்று சபை முழுக்கப் பேச்சு. தயாளனுக்குப் போடுகிறவர்கள்கூட மனமிரங்கி இவருக்குக் குத்தித் தள்ளினார்கள். அசரியா அமோகமாக ஜெயித்துவிட்டார்.

பாஸ்டர் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அசரியாவிடம் இருந்தது ஒரே பேச்சு. எழுந்தார், கண்ணை மூடினார், அதையே ஒப்பித்தார். "இந்தத் தோல்வியை நான் சந்தோஷமா ஏத்துக்கறேன். என்னைவிட நல்லவரான தயாளனைத் தேர்ந்தெடுத்ததுக்கு உங்களுக்கு ஸ்தோத்திரம்."

பெண்கள் பக்கம் முந்தானைக்குள் சிரித்தது. தோற்றுப்போன தயாளன் தேம்பிக்கொண்டே மைசூர்பாகை வாங்கித் தின்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அசரியாவுக்குப் புலம்பல். அருமையான பேச்சு வீணாய்ப் போச்சு. இனி ஞாயிறுதோறும் முதல் ஆளாய்ப் போய் மைக் கட்ட வேண்டும். கோயிலுக்குத் தண்ணி லாரி வராவிட்டால் திட்டு இவருக்குத்தான். இத்தனை வருஷம் ஏங்கிக் கிடைத்த பதவி இது. பேசப்பேச முகம் பழையபடி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"தோத்தா எப்படி இருக்கணும்னு கத்துக்கிட்டீங்க" என்றாள் ஜெயசீலி. "பவுலுக்கு ஜெயிச்சாலும் இருக்கத் தெரியும். உங்களுக்குப் பாதிப் பாடம்தாங்க முடிஞ்சிருக்கு."

அசரியாவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் காபி கொண்டுவந்தாள். ஜெயித்த சந்தோஷத்தில், பழையபடி சர்க்கரை போட்டிருந்தாள். ஒரு வாய் குடித்த அசரியா, ரொம்பத் தித்திக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார். எதிரே அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தார்.