பதினொரு முறை நின்ற துப்பாக்கி

சிறப்புப் படைகளுக்குப் புது ஆயுதம் தேர்வு செய்யும் இறுதிச் சுற்றில் மிஞ்சியவை இரண்டே ரகத் துப்பாக்கிகள். காகிதத்தில் அவற்றுக்கு நீளநீளமாக எண்கள் இருந்தன. சுட்டுப் பார்க்க வந்த வீரர்களுக்கு அதெல்லாம் வாயில் நுழையவில்லை. முதல் நாளே ஒன்றுக்கு ஒல்லி என்றும் மற்றதுக்குக் குண்டன் என்றும் பேர் வைத்துவிட்டார்கள். ஒல்லியைக் கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. குண்டன் அதைவிட அறுநூறு கிராம் கூடுதல். ஆறு மணி நேரம் தோளில் தொங்கினால் அந்த அறுநூறு கிராம் ஆறு கிலோவாகிவிடுகிறது என்று புலம்பினார்கள்.

கடலிலிருந்து கப்பலில் தொற்றி ஏறுகிறவர்கள், கதவை உடைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் நுழைகிறவர்கள் என்று சிறப்புப் படைகளிலிருந்து பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள். பத்து வாரம் அவர்கள் இரண்டு துப்பாக்கிகளையும் சேற்றில் முக்கினார்கள், மணலில் புரட்டினார்கள், ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துச் சுட்டார்கள்.

துப்பாக்கி எப்போது மக்கர் செய்தாலும் அது ஏன் நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது ஆயுதக்கூடத்தின் தலைமை மெக்கானிக்கின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அந்த வேலையில் ஊறியவள் அவள். நகக்கண்ணில் எந்நேரமும் கறுப்பாக மசகு ஒட்டியிருக்கும் என்பதால் கிரீஸ் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அதிகாரிகளே சில சமயம் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அவளுடைய படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன: துப்பாக்கிக் கோளாறு, தோட்டாக் கோளாறு, சுட்டவர் தவறு. அவள் எதில் டிக் அடித்தாளோ அதுதான் முடிவு.

பன்னிரண்டு பேரில் ஒருவன் இடக்கைக்காரன். நொட்டாங்கை என்று கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். அவன் கையில் மட்டும் ஒல்லி பதினொரு முறை நின்றது. பதினொன்றும் ஒரே மாதிரி. முதல் தோட்டா பாயும். அடுத்ததற்கு வெறும் ‘டிக்’. பார்த்தால், தோட்டாக்கள் அடுக்கிய மேகசீன் அரைகுறையாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

“அக்கா, நல்லாத்தான் மாட்டினேன். தட்டிப் பாத்தேன், இழுத்தும் பாத்தேன்,” என்பான்.

“இழுத்துப் பாத்திருந்தா ஏன்ப்பா இப்படித் தொங்குது?”

அவள் மூன்றாவது கட்டத்தில் டிக் அடிப்பாள். பதினொன்றாவது டிக்கைப் பார்த்த தேர்வுக் குழுத் தலைவரான கர்னல், மேகசீனைக்கூட ஒழுங்காக மாட்டத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று ஏழாவது வாரமே அவனைப் பழைய பிரிவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். சிறப்புப் படையில் அவனுக்கு இருந்த இடமும் அத்தோடு போயிற்று.

சோதனைகள் முடிந்தன. ஒல்லிதான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வியாழக்கிழமை குழு கூடிக் கையெழுத்துப் போடவேண்டியதுதான் பாக்கி. செவ்வாய்க்கிழமை காலை கிரீஸ் அக்கா சோதனைத் துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நொட்டாங்கை சுட்டுவந்த ஐந்தாம் எண் ஒல்லியைத் துடைக்கும்போது கை நின்றது.

மேகசீனைக் கழற்றுவதற்கு வலப்பக்கம் ஒரு பொத்தான் உண்டு. மற்றத் துப்பாக்கிகளில் அது விரல்பட்டு நடுவில் மட்டும் வழவழவென்று இருந்தது. இதில் மட்டும் ஓரத்தில் கீறியிருந்தது. கீறலுக்குள் பச்சைப் பெயிண்ட் துணுக்கு. நகத்தால் சுரண்டி வெளிச்சத்தில் பார்த்தாள். வீரர்கள் போடும் கவசச் சட்டையின் பக்கிள்களுக்கு அடித்திருந்த அதே பச்சை.

வலக்கைக்காரன் துப்பாக்கியைத் தொங்கவிட்டால் அந்தப் பொத்தான் வெளிப்பக்கம் பார்த்திருக்கும். இடக்கைக்காரன் தொங்கவிட்டால் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

பரணிலிருந்து ஒரு கவசச் சட்டையை இறக்கி மாட்டிக்கொண்டாள். மேகசீனைத் தட்டி, இழுத்துப் பார்த்து, இடத்தோளில் துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு, வீரர்கள் சோதனைக்கு ஏறிய பயிற்சிக் கட்டடத்தில் நாலு மாடி ஏறினாள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம், ஒன்றும் ஆகவில்லை. இறங்கி மறுபடி ஏறினாள். மூன்றாவது முறை, இரண்டாம் மாடித் திருப்பத்தில் பக்கிள் பொத்தானை அழுத்தி மேகசீன் கால் அங்குலம் நழுவியது. அன்று மாலைக்குள் இருபது முறை ஏறினாள். ஆறு முறை நழுவியது.

வீட்டுக்குப் போனபோது முழங்கால் இரண்டும் விண்ணென்று தெறித்தன. கணவர் பஸ் டிரைவர். மறுநாள் டியூட்டிக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தபடி நடந்ததைச் சொன்னாள்.

“சொல்லாம விட்டா என்ன ஆகும்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகாது. ஒருத்தருக்கும் தெரியாது. அதான் உறுத்துது.”

“அப்ப சொல்லிடு.”

“சொன்னா இத்தனை வருஷமா எடுத்த பேரு போயிடுங்க.”

“போற பேரு போகட்டும்.” காலரைத் திருப்பிப்போட்டுத் தேய்த்தார். “சாப்பிட்டியா இல்லையா, அதைச் சொல்லு முதல்ல.”

வியாழக்கிழமை குழு கூடியதும் அவள் ஐந்தாம் எண் ஒல்லியையும் கவசச் சட்டையையும் மேஜைமேல் வைத்துவிட்டு, பதினொரு படிவத்திலும் தான் எழுதியது தப்பு, பக்கிள்தான் பொத்தானை அழுத்துகிறது என்றாள். கர்னலின் முகம் சுருங்கியது.

“எல்லாம் முடிஞ்சு கையெழுத்துப் போடற நேரத்துல வந்து தலையில கல்லைத் தூக்கிப் போடறீங்களேம்மா. ஒரே ஒரு இடக்கைக்காரனுக்காகப் படை முழுக்கக் காத்திருக்கணுமா?”

“ஒருத்தனுக்காக இல்ல சார். கதவு மறுபக்கம் இருந்தா, சுவரோட மறைவுல நின்னு சுட வலக்கைக்காரனும் துப்பாக்கியை இடத்தோளுக்கு மாத்தித்தான் ஆகணும். நம்ம பயிற்சிக் கட்டடத்துல எல்லாக் கதவும் ஒரே பக்கமா இருக்கு. அதனாலதான் யாரும் மாத்தவே இல்ல.”

கர்னல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “குடுங்க அந்தச் சட்டையை.”

அவருடைய தொப்பைக்குப் பக்கிள்கள் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்து ஒருவழியாக மாட்டினார். சிரிக்க எவருக்கும் தைரியமில்லை. மேகசீனைத் தானே மாட்டி, தானே தட்டி, துப்பாக்கியை இடத்தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக விறுவிறுவென்று நடந்தார். இரண்டாவது நடையில் மேகசீன் முழுசாகக் கழன்று தரையில் விழுந்து, வழுக்கிக்கொண்டு போய் மேஜைக்கு அடியில் நின்றது. அதைக் குனிந்து எடுக்கவும் சட்டை விடவில்லை. கிரீஸ் அக்காதான் எடுத்துக் கொடுத்தாள்.

“அந்தப் பையனை நான்தானே அனுப்பினேன்,” என்றார் கர்னல், யாரையும் பார்க்காமல்.

பொத்தானைச் சுற்றி உயரமாக விளிம்பு வைத்துத் தர எட்டு மாதமாகும் என்று ஒல்லியைச் செய்த கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். படைகளுக்கு நாலு மாதத்தில் துப்பாக்கி வேண்டியிருந்தது. குண்டனுக்கு இருபக்கமும் பொத்தான்கள் குழிக்குள் புதைந்திருந்தன. குண்டனையே எடுத்தார்கள். “அக்கா புண்ணியத்துல முதுகு ஒடியுது,” என்று வீரர்கள் அவள் காதுபடவே சொன்னார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த வாரம் விடுப்புப் போட்டுவிட்டு நொட்டாங்கையைத் தேடிப் போனாள். பழைய பிரிவின் நீச்சல் குளத்தருகே அவன் ஈரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அந்தப் பதினொண்ணும் உன் தப்பு இல்லப்பா. என் தப்பு. திருத்தி எழுதிட்டேன். மன்னிச்சுடு.”

அவன் கயிற்றைச் சுற்றி முடித்து ஆணியில் மாட்டினான்.

“கடைசில எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சுக்கா. வீட்டுல டிவி ரிமோட்டுக்கு பேட்டரி போட்டாக்கூட ரெண்டு தடவ தட்டிப் பாக்கறேன். பொண்டாட்டி சிரிக்கிறா. எனக்குச் சிரிப்பு வரல.” ஆணியில் தொங்கிய கயிற்றைச் சரிசெய்தான். “அன்னிக்கே ஒரு தடவ என்கூட பயிற்சிக் கட்டடத்து மாடிப்படி ஏறியிருந்தீங்கன்னா போதும்.”

“ஆமா,” என்றாள். கர்னல் கொடுத்தனுப்பிய கடிதத்தை நீட்டினாள். விருப்பப்பட்டால் திரும்பி வரலாம் என்று அதில் இருந்தது.

“யோசிச்சுச் சொல்றேன்,” என்றான்.

மூன்று வாரம் யோசித்தான். வந்து சேர்ந்த அன்று ஆயுதக்கூடத்தின் ஜன்னலில் எல்லோரோடும் வரிசையில் நின்றான். அவள் குண்டனை எடுத்து நீட்டியதும் வாங்கி, மேகசீனை மாட்டினான், கழற்றினான், இரண்டு பக்கமும் விலாவோடு அழுத்திப் பார்த்தான், மறுபடி மாட்டினான். பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

“என்னடா, பொண்ணா பாக்குற? நகருடா!” என்று ஒருவன் குரல் கொடுத்தான்.

கிரீஸ் அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “அவசரம்னா போய் டீ குடிச்சுட்டு வாங்க. அவன் பாத்து முடிக்கட்டும்.”