பதினெட்டு நிமிட அறை

விடியற்காலை ஐந்தே முக்கால். நாலாவது மாடியில் என் தள்ளுவண்டி நின்றது. விமானம் பிடிக்கப் போனவர்கள் காலி செய்த அறை. கம்பளத்தில் பிரியாணி எலும்பு, குளியலறைத் தரையெல்லாம் ஷாம்பு, நாலு தலையணையும் ஈரம். மெத்தையை முழங்காலால் முட்டுக்கொடுத்துத் தூக்கி, மறுகையால் விரிப்பைச் செருகினேன். இடுப்பு கழன்றது. ஆசிட் வாடையில் கண்ணில் நீர் முட்டியது.

ஆளுக்குப் பதினான்கு அறை என்றிருந்தது இப்போது இருபது. அறைக்குப் பதினெட்டு நிமிடம். இந்தக் கொடுமையைக் கொண்டுவந்தவள் வேறு யாருமில்லை, முடிச்சூர் தையல்நாயகியாகிய நான்தான். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சுற்றுலா தினத்துக்கு ஹோட்டலில் போட்டி வைத்தார்கள். யார் சீக்கிரம் அறையைத் தயார் செய்வது என்று. சூப்பர்வைசர் சுகுமார் என்னிடம் வந்தான். மூன்று வருடம் எங்களோடு கக்கூஸ் கழுவியவன், என் டப்பாவிலிருந்து கருவாட்டுக் குழம்பு எடுத்துச் சாப்பிட்டவன்.

“யக்கா, நீதான் ஜெயிப்ப. ரூம நான் ரெடி பண்ணித் தரேன். சும்மா ஜாலிக்குத்தான்.”

அவன் காட்டியது ஆளே படுக்காத அறை. விரிப்பை மட்டும் கசக்கி, ஒரு துண்டை நனைத்துப் போட்டிருந்தான். பதினெட்டு நிமிடத்தில் முடித்தேன். வீடியோ எடுத்தார்கள், கோப்பை கொடுத்தார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். படுக்காத அறை என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. ஜெயித்த பெருமை வாயை அடைத்துவிட்டது.

பிறகு ஊருக்குள் கூட்டம் கொட்டியது. மாமல்லபுரம் போகிறவர்கள், வைத்தியத்துக்கு வருகிறவர்கள், கல்யாணக் கோஷ்டிகள். சென்னை ஹோட்டல்களுக்கு நல்ல காலம் என்று பேப்பரில் வந்த செய்தியை வெட்டிப் பலகையில் ஒட்டி, முதலாளி கேக் வெட்டினார். மறுநாள் அதே பலகையில் புது உத்தரவு, என் போட்டோவோடு. ‘தையல்நாயகியால் முடியும், உங்களாலும் முடியும்.’ அன்றிலிருந்து, கூட வேலை செய்யும் ஏஞ்சல் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நேற்று சாவித்ரி, தன் பதினேழாவது அறையில், ஓடுகிற ஓட்டத்தில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

இன்று ஒன்பது மணிக்கு மேனேஜர் ஷ்யாம்சுந்தர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் சுகுமார். மேசைமேல் ஒரு தாள்.

“சாவித்ரி கேர்லெஸ்ஸா வேலை பார்த்தாங்கன்னு சாட்சிக் கையெழுத்து போடணும். பெஸ்ட் ஒர்க்கர் நீங்க. நீங்க போட்டாதான் வெயிட்.”

“போட்டா அவளுக்கு இன்னா ஆவும் சார்?”

“வேலை போயிடும். ட்ரீட்மென்ட்டும் அவங்க பொறுப்பு. பதினெட்டு நிமிஷத்துல சேஃபா செய்யலாம்னு நீங்களே காட்டினீங்களே.”

“அது ஆளே படுக்காத ரூமு சார். சுகுமாருக்குத் தெரியும். சொல்லு சுகுமாரு.”

அவன் ஜன்னலைப் பார்த்தான். “அப்டில்லாம் ஒண்ணுமில்ல சார். யக்கா பயந்துகினு பேசுது.”

கூட இருந்தே குழி பறித்தவன், இப்போது மண்ணையும் தள்ளுகிறான். கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தேன்.

டீ நேரம். உடை மாற்றும் அறையில் பதினோரு பெண்களும் இருந்தார்கள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

“இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா சாவித்ரி கை போயிருக்குமா?” ஏஞ்சல் கேட்டாள்.

“போயிருக்காது. தப்பு என்னுதுதான்.”

ஏஞ்சல் டீ கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள்.

“அவன் பொய் ரூம காட்னான். நாம நெஜ ரூம காட்டுவோம். இன்னிக்கு ரூமுக்கு ரெண்டு பேரு. எவ்ளோ நேரம் ஆவுதோ ஆவட்டும்.”

இரண்டு மணிக்குக் கீழே கல்யாணக் கோஷ்டி பெட்டிகளோடு காத்திருந்தது. பாதி அறைகூடத் தயாராகவில்லை. மேனேஜர் மூச்சிரைக்க மேலே வந்தார், பின்னாலேயே சுகுமார்.

“ரூமுக்கு ரெண்டு பேரா? யார் சொன்னது?”

“மெத்தை சொல்லுச்சு சார்,” என்றாள் ஏஞ்சல்.

“நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு வர வேண்டாம். கான்ட்ராக்ட் ஆளுங்க ரெடியா இருக்காங்க.” என் பக்கம் திரும்பினார். “தையல்நாயகி, நீங்க மட்டும் அந்தக் கையெழுத்தப் போட்டுட்டு வேலைல இருக்கலாம்.”

சத்தம் கேட்டு மற்றவர்களும் அறைகளிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். பதினோரு பேரின் கண்ணும் என்மேல். என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

“வருவோம் சார்,” என்றேன். “பன்னெண்டு பேரும் வருவோம். கட்டுப் போட்ட கையோட சாவித்ரியும் வருவா. வாசல்ல நின்னு, படுக்காத ரூமு கதைய வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்லுவோம்.”

மேனேஜர் சுகுமாரைப் பார்த்தார். சுகுமார் தரையைப் பார்த்தான். அவர்கள் இருவர் காதிலும் விழும்படியே ஏஞ்சல் எங்களிடம் சொன்னாள்.

“காலைல அஞ்சு மணிக்கு ராஜகீழ்ப்பாக்கத்துல சாவித்ரி வூட்டாண்ட வந்துடுங்க. அவள கூட்டிக்கினுதான் வரணும். யாரும் தனியா இங்க வராதீங்க.”