ஓட்டை போட ஆளில்லாத படகு

கடற்கரைப் பூங்காவில் என்ன வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டோம். ஊஞ்சல் கிடக்கட்டும், ஏறி ஆட நிஜப் படகு வேண்டும் என்றார்கள். என் அண்ணன் எய்லெர்ட் நாற்பது வருஷம் கேப்டனாக நின்று மீன்பிடித்த தன் படகையே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் துக்னாத், அதாவது ஊர்ப்பொது வேலை. கூலி வாங்காமல் ஊரே வந்து வேலை செய்யும். வராதவன் வீட்டுக்குப் போய், உடம்புக்கு என்ன என்று அக்கறையாக விசாரித்துவிட்டு வரும். அடுத்த வாரம் அவன் முதல் ஆளாக நிற்பான்.

அண்ணனும் அவருடைய மூன்று கிழட்டுக் கூட்டாளிகளும் படகை மணலில் கட்டைகள்மேல் ஏற்றினார்கள். பலகை இடுக்கெல்லாம் கலப்பத்துப் பஞ்சு அடைத்து, தார் பூசி, சொட்டு நீர் புகாமல் செய்துவிட்டுப் பீற்றிக்கொண்டார்கள். மணலில் நிற்கப்போகிற படகுக்கு அதெல்லாம் எதற்கு என்று ஒரு மண்டைக்கும் எட்டவில்லை, என் மண்டையையும் சேர்த்துத்தான்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் படகுக்குள் முழங்கால் தண்ணீர். பாதுகாப்பு பார்க்க வந்த அதிகாரியம்மா, தண்ணீர் வடிய வழியில்லாமல் திறக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் ஓட்டை போட்டால் தீர்ந்தது. ஆனால் படகில் ஓட்டை என்று நான் சொன்னதும் கூட்டாளிகள் மூவரும் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள்.

படகை 'அவள்' என்றே சொல்லும் அண்ணனின் முகம் செத்துவிட்டது. "இத்தனை வருஷம் அவளுக்குள்ள ஒரு சொட்டு விடல. என்னையா ஓட்டை போடச் சொல்ற, குட்வெய்க்?"

"நீ போட வேணாம்ணே. நான் போடுறேன்."

டிரில்லை எடுத்தேன். அவர் கையை நீட்டினார்.

"உனக்கு ஆணியே நேரா அடிக்க வராது. குடு இங்க. அவ மேல வேற யாரும் கை வைக்க வேணாம்."

படகுக்கு அடியில் தவழ்ந்து போனார். டிரில் உறுமியது. பீய்ச்சியடித்த தண்ணீர் அவர் நெஞ்சிலேயே விழுந்தது. இன்னொன்று போட்டார், இன்னும் ஒன்று. அதிகாரியம்மா எட்டிப் பார்த்துத் தலையசைத்ததுதான் தாமதம், கயிறு எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளைகள் ஓட்டைகளுக்கு அடியில் நனைந்தார்கள், பலகையில் தொற்றி ஏறினார்கள், மிச்சத் தண்ணீரில் குதித்தார்கள். எனக்கும் கூடக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்துவிட்டேன்.

ஒரு வாண்டுப் பெண் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். சொட்டச் சொட்ட நின்ற அண்ணனிடம், "தாத்தா, நீங்க யாரு?" என்றாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் படகுல வேலை பாக்குறேன்."

"அப்ப ஏன் சும்மா நிக்கிறீங்க? படகு முழுகுது. ஏறி வந்து தண்ணிய அள்ளுங்க."

அண்ணன் தொப்பியைக் கழற்றினார். "சரிங்க கேப்டன்" என்று சொல்லி ஏறி, அந்தத் தொப்பியாலேயே அள்ளத் தொடங்கினார்.