இளைக்குது

ஸ்டெஃபி ஓட்ட ஷூவோடு நேராக உள்ளே வந்தாள். என் மனைவி ஆக்சிலியாவின் தங்கை. கம்பைநல்லூரில் என் மாமியார் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி நல்லம்பள்ளிக்கு வந்திருந்தாள்.

"வூடா மாமா இது? குடோன் மாதிரி இருக்குது. ஜன்னலயாச்சும் தொறங்க."

திறந்தேன்.

"அக்காவோட ஷெட்யூல்ல கடைசிப் பக்கம் வேணும். மிச்சத்த அவ அப்பவே எனக்கு அனுப்பிட்டா. மூனு வாரமா அதத்தான் ஓடறேன். ஜனவரியில ஸ்போர்ட்ஸ் மீட்டு."

மூன்று வாரம். நான் உட்கார்ந்தேன்.

அந்த அட்டவணையை எழுதியவன் நான். கல்லூரியில் நானும் ஓடியவன். பிறகு ஓசூரில் வேலை, வாரம் ஒருமுறை வீடு. ஆக்சிலியா ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் மாநிலப் போட்டிக்குத் தயாரானாள். திங்களன்று ஏரிக்கரையில் நானூறு மீட்டர் வேக ஓட்டம், எட்டு முறை. செவ்வாயன்று தொப்பூர் பக்கம் மேட்டில் ஏறி ஓட்டம். புதனன்று எடையும் ஸ்கிப்பிங்கும். வியாழனன்று நிதானமாகப் பன்னிரண்டு கிலோமீட்டர். வெள்ளியன்று மறுபடி மேடு, சனியன்று மறுபடி ஏரிக்கரை. ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட 'பூசைக்குப் பிறகு ஐந்து கிலோமீட்டர்' என்று எழுதியிருந்தேன்.

உடம்பு ஓடும்போது தேறுவதில்லை, ஓய்வில்தான் தேறுகிறது. இது எனக்குத் தெரியும். உடற்கல்விப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அட்டவணையில் ஓய்வுக்கு இடம் வைக்கவில்லை. மூன்று கிலோ இளைத்தால் நேரம் தானாகக் குறையும் என்று ஃபோனில் தினமும் சொன்னேன்.

"ஏங்க, கழுதைக்குக்கூட ஒரு நாள் லீவு உண்டுங்க" என்பாள். சொல்லிவிட்டு ஓடுவாள். பதினொரு வினாடி குறைத்தாள்.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. 'இளைக்குதுங்க.' அவ்வளவுதான். நான் கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றை அனுப்பினேன். வியாழன் காலை ஏரிக்கரையில் விழுந்தாள். நான் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

உடலைப் பரிசோதித்த டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"இதயத் தசை தடிச்சிருக்கு. பிறவியிலயே இருந்திருக்கும். ஓடறப்ப இளைப்பு ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லைங்க."

"கூடப் பிறந்தவங்க இருந்தா இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. குடும்பத்துல வரக்கூடியது."

"சொல்லிடறேங்க."

சொல்லவில்லை. எட்டு மாதம். சொன்னால், முன்னாடி ஒரு அறிகுறியும் இல்லையா என்று மாமியார் மதலேனம்மாள் கேட்பார். அந்த அறிகுறி என் ஃபோனில் இருந்தது.

"என்ன மாமா, கடைசிப் பக்கம் அவ்ளோ ரகசியமா?"

"ஓடாத ஸ்டெஃபி."

"ஏன், அக்கா ரெக்கார்ட முறிச்சிருவேன்னு பயமா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிறகு ஃபோனைக் கையில் கொடுத்தேன். அவள் படித்தாள். என் கட்டைவிரலையும் பார்த்தாள்.

"இது மெலியறது இல்ல மாமா. எங்க வூட்ல மெலிஞ்சா 'வத்திட்டா'ம்போம். மூச்சு வாங்கினாத்தான் 'எளைக்குது'ம்போம்."

"எனக்கு ரெண்டு அர்த்தமும் தெரியும்."

தெரியும். வேண்டியதை எடுத்துக்கொண்டேன்.

அவள் ஃபோனைத் திருப்பித் தந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் மேடு ஏறினா எளைக்குது."

உடனே கிளம்பினோம். தருமபுரியில் ஒரு ஸ்கேன் சென்டர். டோக்கன் பத்தொன்பது. அவள் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். ஒருமுறை மட்டும் திரும்பி, "மூனு வாரத்துல ஆறு தடவ மேட்ல ஓடியிருக்கேன்" என்றாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். இருபது நிமிடம். அங்கிருந்த டாக்டர் என்னையும் உள்ளே அழைத்தார்.

"நல்லா இருக்குது. தசை சரியான அளவுதான். அக்காவுக்கு இருந்ததால வருசா வருசம் வந்து பாத்துக்குங்க."

"எளைக்குதுங்களே?" என்றாள் ஸ்டெஃபி, தன் ஃபோனில் இருந்த அட்டவணையைக் காட்டி.

"மேட்ல ஓடினா யாருக்கும் இளைக்கும்மா. வாரத்துல ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க. எவன் எழுதிக் குடுத்தான் இந்த ஷெட்யூல?"

அவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம்.

"எனக்கு ஒன்னுமில்லங்கறதால மன்னிச்சிருவேன்னு நெனச்சுக்காதீங்க."

"இல்ல."

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லோணும்."

"ஞாயித்துக்கிழமை வரேன்."

"எட்டு மாசத்துல எத்தன ஞாயிறு வந்துச்சு மாமா?"

கம்பைநல்லூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். நானும் ஏறினேன். அவளுக்குப் பக்கத்துச் சீட் காலியாக இருந்தது. அவள் உட்காரச் சொல்லவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனேன்.