நீலத் திரை

அகதிகள் வந்திறங்கிய வாரம் நகரசபைத் தலைவர் நடுரோட்டில் படுத்து மறியல் செய்தார். இருக்கிற தண்ணீர் நமக்கே போதவில்லை, இவர்களை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்தினார். அகதிகளைத் தாங்கும் ஊர்களுக்குப் பொதுக் குளியலறையும் துணி துவைக்கும் இடமும் கட்ட அரசு பணம் ஒதுக்கியிருப்பதாகச் சேதி வந்ததும், அதே வாய் அவர்களை "என் பிள்ளைகள்" என்றது.

கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த அவருடைய தங்கைக்கு அது அதிசயமாகவே படவில்லை. சின்ன வயதில் அவள் பங்கு மிட்டாயையும் தின்றுவிட்டு, தங்கச்சிக்கு இனிப்பு ஆகாதென்று அம்மாவிடம் அக்கறையாகச் சொன்ன வாய் அது.

கட்டடத்தைத் தலைவரின் மச்சினன், அவர் பெண்டாட்டியின் தம்பி, கட்டினான். வாசலில் பெரிய வளைவு. வளைவின் மேல் சிமெண்டில் தலைவரின் முகம். உள்ளே அவர் உட்கார மின்விசிறியோடு ஓர் ஆலோசனை அறை. குளியலறைகளுக்குக் கதவில்லை. குழாய்கள் பளபளவென்று இருந்தன; சுவருக்குப் பின்னால் தண்ணீர் வரும் வழிதான் இல்லை.

மேலிடத்து அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள் என்றதும் தலைவர் தங்கையின் கடைக்கு ஓடிவந்தார். கதவுக்குப் பதிலாகத் திரை வேண்டுமாம்.

"நீலத்துல தைம்மா. பாத்தா தண்ணி ஞாபகம் வரும்."

"ஞாபகம் மட்டும்தானா, தண்ணியும் வருமாண்ணே?"

நிர்வாகமெல்லாம் உனக்குப் புரியாது என்றார் அவர். பிறகு, மூலையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தவளிடம் திரும்பினார். அகதிக் கொட்டகையிலிருந்து வேலைக்கு வரும் அவளை எல்லோரும் பட்டன்காரி என்றே கூப்பிடுவார்கள். அதிகாரிகள் கேட்டால் தலையாட்டினால் போதும், இல்லையென்றால் கொட்டகையில் இடம் இருக்குமா என்று சொல்ல முடியாது எனச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். பட்டன்காரி ஊசியை நிறுத்தவில்லை.

திரைகளைத் தங்கை தைத்துத்தான் கொடுத்தாள். என்றைக்காவது தண்ணீர் வந்தால் பெண்களுக்கு ஒரு மறைப்பாவது ஆகட்டும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். தைக்கத் தைக்கத் தன் கைமேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

அதிகாரிகள் வந்தார்கள். தலைவர் கண்கலங்கப் பேசினார். வேண்டும்போது கலங்கும் கண் அது. கூட்டத்தின் முன்வரிசையில் நிறுத்தியிருந்த பட்டன்காரியிடம், இங்கேதான் தினமும் குளிக்கிறாயா என்று பெண் அதிகாரி கேட்டார். தலையாட்டினாள். தண்ணீர் நன்றாக வருகிறதா என்று அவர் கேட்டபோது தரையைப் பார்த்தாள்.

அந்தக் குனிந்த தலையைத் தங்கையால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று போய்த் திரையை விலக்கிக் குழாயைத் திருகினாள். குழாய் கையோடு பெயர்ந்து வந்துவிட்டது.

"இதுல இதுதான் மேடம் வரும்" என்று அதை அதிகாரியின் கையில் கொடுத்தாள்.

தலைவர் இளித்தார். மச்சினனைக் காணவில்லை.

மிச்ச வேலையை நகரசபையிடமிருந்து பிடுங்கி வேறு துறையிடம் கொடுத்தார்கள். கொட்டகையில் யார் இடத்திலும் கைவைக்கக் கூடாதென்று பெண் அதிகாரி எழுத்தில் உத்தரவு போட்டார். தங்கச்சியை எதிரிகள் விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று தலைவர் ஊரெல்லாம் புலம்பினார். அவளுடைய புருஷனே, உனக்கு எதுக்கு இந்த வேலை என்று சில நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான்.

ஒருவழியாகத் தண்ணீர் வந்த அன்று, சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு தலைவர் முதல் ஆளாய் வந்து நின்றார். போட்டோக்காரனைப் பார்த்துக்கொண்டே குழாயைத் திறந்தார். ஊர் கைதட்டியது. தங்கையின் புருஷனும் தட்டினான். அண்ணனைப் பார்த்து அருவருத்ததைவிட அந்தக் கைகளைப் பார்த்து அவளுக்கு அதிகம் அருவருத்தது.

பட்டன்காரி தட்டவில்லை. அவள் இரண்டு கையிலும் வாளி இருந்தது.

"கொஞ்சம் தள்ளுங்க, துணி ஊற வச்சிருக்கேன்" என்றாள்.

தலைவர் தள்ளி நின்றார்.