வெட்டப்படாத எட்டுப் பக்கங்கள்

1

இந்தக் கதையை எனக்கு யாரும் ஆசையாகச் சொல்லவில்லை. ஒரு கூட்டத்தில் முகத்துக்கு நேராக எறிந்தார்கள். பொறுக்கிக்கொண்டு வந்து எழுதுகிறேன். என்னை ரொம்ப நம்ப வேண்டாம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நூலகத்து ஜன்னலில் மாலை வெயில் தங்கமாய்...' சீ, தங்கமாவது மண்ணாங்கட்டியாவது. அடித்துவிட்டேன்.

சரி, நேராகவே வருகிறேன். ஒரு நூலகர் இருந்தார். லேசில் யாரையும் நம்பாத அம்மா. புத்தகம் திரும்பி வந்தால் ஓரம் மடிந்திருக்கிறதா, டீ சிந்தியிருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். சமீபத்தில் சிறுவர்களுக்கும் இளையோருக்கும் வந்த புத்தகங்களில் சிறந்த பத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவரைப் போட்டார்கள். குழுவில் மொத்தம் மூன்று பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்தான் தலைவர். அடுத்து ஒரு கதாசிரியர். மூன்றாவது இவர். இரண்டு மாதத்தில் நூற்றிருபது புத்தகம் படிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே பிரதிதான், அதுவும் அதே வரிசையில் கைமாறி வரும்.

2

நூலகருக்குத் தலைவர் மேல்தான் சந்தேகம். பின்னே? மனிதர் திங்கள்கிழமை பதினைந்து புத்தகம் வாங்கிப் போவார், புதன்கிழமை மதிப்பெண்ணோடு திருப்பித் தருவார்.

"எல்லாத்தையும் படிச்சுட்டீங்களா சார்?"

"ஒரு வரி விடலம்மா."

'யாருக்குக் காது குத்துறார் இவர்?' என்று நூலகர் மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

(இங்கே தலைவருக்கு ஒரு மூக்குப்பொடி டப்பா கொடுத்தேன். அப்புறம் பிடுங்கிவிட்டேன். ஆளைக் கோமாளியாக்கினால் மற்ற இருவரும் தப்பித்துவிடுவார்கள்.)

நூலகரின் மகளுக்குப் பதின்மூன்று வயது. வீடு மாறியதால் அந்த வருடம்தான் புதுப் பள்ளி. ஒரு நாள் சாயங்காலம், தேர்வுக்கு வந்திருந்த பச்சை அட்டை நாவல் அம்மாவின் மேசைமேல் இருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இது எங்க ஸ்கூல் லைப்ரரியிலயும் இருக்கும்மா. நான் படிச்சுட்டேன். நீ கடைசி வரைக்கும் படிச்சியா?"

"படிச்சேன்டா கண்ணு. ரொம்ப நல்லாருந்துச்சு."

"கடைசியில அந்தப் பொண்ணு அவங்கம்மாகிட்ட சொல்றாளே, அது?"

"அதான் சொன்னேனே, அழுகையே வந்துடுச்சு."

மகள், "அவ்ளோதானா?" என்றாள்.

"வேற என்ன?"

"ஒண்ணுமில்ல." போய்விட்டாள்.

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மறுநாள் இறுதிக் கூட்டம். தலைவரைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று நூலகர் எல்லாப் புத்தகத்தையும் புரட்டிக்கொண்டிருந்தார். பச்சை அட்டை சிக்கியது. கடைசி எட்டுப் பக்கத்தின் ஓரம் அச்சகத்தில் வெட்டுப்படாமல் மடிப்போடு மூடியே கிடந்தது. கத்தி வைக்காமல் அதை ஒருவராலும் படித்திருக்க முடியாது. ஆனால் புத்தகத்தோடு வந்த தலைவரின் மதிப்பெண் தாளில் என்ன எழுதியிருக்கிறது? 'முடிவு அபாரம். எட்டு மதிப்பெண்.'

"மாட்டினீங்களா சார்!" என்று கத்தியேவிட்டார்.

சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கதாசிரியரின் தாளில் 'முடிவு மனதை உலுக்குகிறது. ஒன்பது.' கடைசியாகப் புத்தகம் யார் கைக்கு வந்தது? தன் தாளை எடுத்தார். தன் கையெழுத்தில், ஒன்பது.

முதல் அத்தியாயம், நடுவில் ஒன்று, பின்னட்டை. அவர் படித்தது அவ்வளவுதான். நூற்றிருபது புத்தகத்துக்கு வேறு என்ன செய்வது என்று தன்னிடமே வாதாடிப் பார்த்தார். அப்போதுதான் மகள் கேட்ட 'அவ்ளோதானா' ஞாபகம் வந்தது.

அடுப்படிக் கத்தியால் ஓரத்தைக் கீறிப் படித்தார்.

நாவலில் வரும் பெண் புதுப் பள்ளியில் சேர்ந்தவள். முதல் நாள் மதியம் எந்தப் பெஞ்சிலும் யாரும் நகர்ந்து இடம் தரவில்லை. அன்றிலிருந்து சாப்பாட்டு டப்பாவைக் கழிப்பறைக்குள் எடுத்துப்போய், தாழ் போட்டுக்கொண்டு, நின்றபடியே சாப்பிடுகிறாள். தினமும் அப்படித்தான். கடைசியில் அதை அம்மாவிடம் சொல்கிறாள்.

நூலகர் எழுந்து சமையலறைக்குப் போனார். மகளின் டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. தினமும் காலியாகத்தான் வரும். 'என் பொண்ணு ஒரு பருக்கை மிச்சம் வைக்க மாட்டா' என்று அக்காவிடம் பெருமையடித்ததெல்லாம் நினைவு வந்தது. அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். மகளின் அறைக்கதவு சாத்தியிருந்தது.

4

மறுநாள் கூட்டத்தில் புத்தகத்தை மேசைமேல் போட்டார்.

"நேத்துதான் வெட்டினேன். என் கைக்கு வெட்டாமதான் வந்துச்சு. நானும் வெட்டாமதான் ஒன்பது போட்டேன்." மகள் கேட்டதையும், காலி டப்பாவையும், தரையில் உட்கார்ந்து அழுததையும் ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார்.

தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். "அச்சகத்துல பண்ற தப்பும்மா..."

நூலகர் கதாசிரியர் பக்கம் திரும்பினார். "மனதை உலுக்குதுன்னு எழுதியிருந்தீங்களே. எது சார் உலுக்குச்சு?"

கதாசிரியர், "நான் படிச்சது வேற பிரதி மேடம்" என்றார்.

பச்சைப் பொய். அந்தக் கதாசிரியர் நான்தான்.

5

படிக்கட்டில் அவரைத் துரத்திப் பிடித்து, வெட்கமில்லாமல் கேட்டேன்: "மகள்கிட்ட என்ன பேசினீங்க?"

திரும்பிப் பார்த்தார். "அதை எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க? படிக்காமலே முடிவைப் பத்தி எழுதுற ஆளாச்சே நீங்க. எழுதிக்கோங்க."

எழுதிப் பார்த்தேன். முதலாவது: கதவைத் தட்டினார், மகளைக் கட்டிக்கொண்டு அழுதார். (எனக்கே நம்பிக்கை வரவில்லை.) இரண்டாவது: வாயே திறக்காமல் மறுநாளும் டப்பாவைக் கட்டிக் கொடுத்தார். (அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஆனால் எழுத மனம் வரவில்லை.) மூன்றாவது: கதவைத் திறந்த மகள், அம்மாவின் கையிலிருந்த கத்தியைப் பார்த்து, "இப்பதான் படிச்சியா?" என்று

மேலே போக முடியவில்லை.

கடையில் பச்சை அட்டையை வாங்கி வந்துவிட்டேன். இப்போது பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறேன். கடைசிப் பக்கம் வரும்வரை எந்த முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதுவதாக இல்லை. அதுவரை பொறுக்காதென்றால் நீங்களே எழுதுங்கள். நீங்களாவது நடுவில் எதையும் தாண்டாமல் வந்தவர்தானே?

சீக்கிரம் எழுதுங்கள். நாளை மதியம் பன்னிரண்டரைக்கு மகளின் பள்ளியில் சாப்பாட்டு மணி அடிக்கும்.