பத்தொன்பது சிகரெட்டுகள்

லிஃப்ட் மெக்கானிக் சிகரெட்டை விட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. அது ஒருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று அவர்தான் பிடிவாதமாக இருந்தார்.

காரணம் இருந்தது. இதற்கு முன் ஆறு முறை விட்டிருக்கிறார். ஆறு முறையும் தண்டோரா போட்டுத்தான் விட்டார். மனைவி, மகள், கூட வேலை பார்ப்பவர்கள், மாடிப்படி பெருக்க வருகிறவர் வரைக்கும் சொல்லி, ஒரு மாதத்துக்குள் அதே ஆட்கள் முன்னால் அசடு வழியப் பற்றவைத்தார். ஆறாவது தடவை மகள் சொன்னாள்: "விடுறதுன்னா விடுங்கப்பா. ஆனா இனிமே என்கிட்ட சொல்லாதீங்க." கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பார். சலித்துப்போய்ச் சொன்னாள். அது உறைத்துவிட்டது.

மகள் உண்டாகியிருப்பதாகப் போன் வந்த அன்று, புதுப் பாக்கெட்டில் ஒன்றைக் குடித்து முடித்திருந்தார். மீதி பத்தொன்பது. அதோடு நிறுத்தினார், யாரிடமும் மூச்சு விடவில்லை. பாக்கெட்டைக் காணோமென்றால் சந்தேகம் வருமே என்று அதையே தினமும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சாப்பிட்டதும் வழக்கம்போல பால்கனிக்குப் போய்ப் பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு வந்தார். என்ன பிழைப்பு இது என்று அவருக்கே சிரிப்பு வரும்.

முதல் மூன்று வாரம் படாத பாடு பட்டார். கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். இரண்டாவது மாதம் காலை இருமல் நின்றது. சிகரெட்டுக்குப் போகும் காசைத் தினமும் போனிலேயே தனிக் கணக்குக்கு மாற்றினார். இப்போது அதில் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலேயே இருந்தது. முப்பது வருஷத்தில் இப்படி எத்தனை சம்பளத்தை ஊதித் தள்ளினோம் என்று ஒருநாள் கூட்டிப் பார்க்க உட்கார்ந்து, வயிறு எரிந்து, பாதியில் எழுந்துவிட்டார்.

பேத்தி பிறந்து மூன்று மாதம். ஆஸ்பத்திரியில் எட்ட நின்றுதான் பார்த்தார். சிகரெட் வாடை குழந்தைக்கு ஆகாது என்று மகள் தொட விடவில்லை. அப்போதே உண்மை நாக்கு நுனி வரை வந்தது. 'ஏழாவது தடவையா?' என்று கேட்டுவிடுவாளோ என்று விழுங்கிக்கொண்டார்.

இன்று மகள் குழந்தையோடு வந்திறங்கினாள். வீடு ஆறாவது மாடியில். லிஃப்டோ நின்று கிடந்தது. நிறுத்தியதும் அவர்தான், காலையில் பார்த்தபோது பிரேக் கட்டை தேய்ந்திருந்தது, மாற்றுக் கட்டை நாளைக்குத்தான் வரும்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட்டுறாரு, சொந்த வீட்டு லிஃப்ட் ஓடல" என்றாள் மனைவி. "ஒரே ஒரு தடவை போட்டு விடுங்களேன், பச்சைக் குழந்தை வருது."

"பச்சைக் குழந்தை வருதுன்னுதான் போட மாட்டேங்கிறேன்."

கீழே இறங்கிப் போய் மகளின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டார். மகள் குழந்தையோடு மாடிக்கு மாடி நின்று நின்று ஏறினாள். அவர் முன்னால் பிரேக் கட்டையின் கதையைச் சொல்லிக்கொண்டே போனார். வீட்டுக்குள் பெட்டியை இறக்கி, கை நீட்டினார்.

மகளின் கண் சட்டைப் பைக்குப் போனது. குழந்தையைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள்.

"முதல்ல குளிச்சிட்டு வேற சட்டை போட்டுட்டு வாங்கப்பா."

"நான் விட்டுட்டேம்மா. பத்து மாசமாச்சு."

"பாக்கெட்டைப் பையில வச்சுக்கிட்டா? ஏழாவது தடவையாப்பா?"

பயந்த சொல்லே வந்துவிட்டது. நீட்டிய கையை இறக்கிச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். தன் வேஷம் தன் கழுத்தையே பிடித்துவிட்டது.

"அவர் சொல்றது நிஜம்டி" என்றாள் மனைவி, சமையலறை வாசலிலிருந்து. "சிகரெட்ல நாக்கு செத்துப்போய் இத்தனை வருஷமா உப்பு பத்தலன்னு அள்ளிப் போட்டுக்கிற மனுஷன், திடீர்னு உப்புக் கரிக்குதுன்னாரு. காலையில இருமலும் இல்ல. பால்கனியில போய் மரம் மாதிரி நிக்கிறாரு. எனக்குத் தெரியாதா? கேட்டா மறுபடி பிடிச்சிடுவாரோன்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன். அந்தக் காசு எங்க போகுதுன்னுதான் தெரியல. சின்ன வீடு ஏதும் இருக்கோன்னு பார்த்தேன்."

"சீ, சும்மா இரு! வாஷிங் மெஷினுக்குச் சேத்து வச்சிருக்கேன்."

மகள் சிரிக்கவில்லை. அப்பாவையே பார்த்தாள். போன வருஷம் இதே படியில் வெறுங்கையோடு ஏறியவர், மூன்றாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அவளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள்தான். இன்று பெட்டியோடு ஆறு மாடி, பேச்சு நிற்காமல். குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அவர் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்துத் திறந்தாள். ஓரமெல்லாம் நைந்து, சிகரெட்டுகள் சருகாகக் காய்ந்திருந்தன. எண்ணினாள். பத்தொன்பது. அவர் சட்டையில் முகத்தை வைத்து முகர்ந்தாள்.

"கிரீஸ் நாத்தம். போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."

அவர் முழங்கை வரை சோப்புப் போட்டார், இரண்டு தடவை. திரும்பி வந்ததும் மகள் குழந்தையை அவர் கையில் வைத்தாள். முப்பது வருஷம் எத்தனையோ பாரம் தூக்கிய கையால் அதன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

மகள் போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

"வந்து சேர்ந்துட்டோம். அப்புறம் கேளுங்க, எங்கப்பா சிகரெட்டை விட்டுட்டாரு. ஆமா, நான்தான் சொல்றேன்."